உன் அம்மாவின் நுரையீரலைப் பார்த்த நாள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் பென்சிலில் எழுதி அழித்தேன். பிறகு பேனாவில் எழுதிக் கிழித்தேன். “ஏம்ப்பா அன்னிக்கே சொல்லலை?” என்று நீ கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். எழுதும்போதும் எது நடந்தது, எது என்னை நானே நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்காகச் சேர்ப்பது என்று எனக்குச் சந்தேகம் தீர்வதில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். நீ இதை மாப்பிள்ளையிடம் காட்டினாலும், வேறு யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

நீ கருவுற்றிருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மா காலண்டரில் வாரங்களைக் குறித்துவருகிறாள். டப்ளினில் முதல் பரிசோதனைக்குப் போய்வந்ததைப் பற்றி நீ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். “அந்த நர்ஸ் ஒரு நீளமான லிஸ்ட் வெச்சுட்டுக் கேட்டாங்கப்பா. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, குடும்பத்துல யாருக்காச்சும் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்குதான்னு. நான் எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னே சொன்னேன். உங்க குடும்பம் ரொம்ப ஆரோக்கியமான குடும்பம்னு சொல்லிட்டாங்க.” அப்போதுதான் நான் உன்னை நிறுத்தி, இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மாவுக்கு வந்தது கால் வலி இல்லை, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். நீ அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

உனக்குத் தெரிந்த பாதி இதுதான். உன் கல்யாணம் முடிந்து நீ விமானம் ஏறிய பிறகு, அம்மா துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, பல வாரம் கழித்துப் பிரித்தார்கள். அந்தக் கால் வீங்கியது. உனக்குத் தெரியாத பாதி இங்கிருந்து தொடங்குகிறது. எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, “கட்டுப் பிரிச்ச காலு வீங்கத்தானுங்க செய்யும், நல்லெண்ணெயக் காய்ச்சி உருவி உடுங்க” என்றார். நானும் தினமும் காலையில் உட்கார்ந்து உருவிவிட்டேன். எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, கெண்டைக்காலில் மேலிருந்து கீழாகப் பத்து, கீழிருந்து மேலாகப் பத்து என்று கணக்காகச் செய்தேன். காரணம் தெரியாமல் வீங்கிய காலை அப்படி அழுத்தி உருவக் கூடாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை சில்லிட்டுப்போகிறது.

என் சுபாவம் உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டேன். வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துகொள்ள, உன் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளிப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, இரண்டு காலையும் தினமும் ஒரே நேரத்தில் அளந்தேன். முதல் நாள் இடது கால் ஒரு சென்டிமீட்டர் அதிகம். ஐந்தாம் நாள் மூன்றரை. அழகான கட்டம் போட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். என் தவறு அந்த அழகான சீட்டில்தான் இருக்கிறது, கண்ணு. அளப்பதையே வைத்தியம் என்று நினைத்துவிட்டேன். எண் கூடிக்கொண்டே போகிறது என்று என் கைப்பட எழுதிக்கொண்டே, அவளை எங்கும் அழைத்துப் போகாமல் இருந்தேன்.

ஆறாம் நாள் காலை அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கிளம்பி, நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்துகிறது என்றாள். ஆட்டோவில் ஏற்றி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். கணபதியில் நம் வீட்டிலிருந்து அங்கே போகும் வழி முழுக்க அவள் எனக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். “ஒண்ணுமில்லீங்க. நேத்து தின்ன பச்சப்பயறு வாயு புடிச்சிருக்குது. நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க, ஆட்டோக்காரரு பயந்துக்கறாரு.”

அங்கே இருந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நம் பக்கத்துப் பேச்சின் வளைவு அவருக்குப் புதிது. “மூச்சு முட்டுதாம்மா?” என்று கேட்டார். அவள், “பரவால்லீங்க” என்றாள். “நெஞ்சு வலிக்கா?” “அவ்வளவா இல்லீங்க.” “காலுல வீக்கம் ஏதும் உண்டா?” அவள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, “கட்டுப் பிரிச்ச காலுங்க, அப்படித்தான் இருக்குமுங்க” என்றாள். நம் ஊரில் ஒரு பெரிய மனிதர் ஏதாவது கேட்டால் அவருக்குச் சிரமம் கொடுக்காத பதிலைத்தான் முதலில் சொல்வோம். அவர் அதை உண்மையான பதிலாக எழுதிக்கொண்டார். விரலில் மாட்டிய கருவி மட்டும் மரியாதை பார்க்கவில்லை. நாடி வேகமாகவும் பிராணவாயு குறைவாகவும் காட்டியது. அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இதயத் துடிப்புப் படத்தைப் பார்த்தார்.

சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. படித்த டாக்டருக்கு நாம் கட்டம் போட்டுக் காட்டுவதா, அதிகப்பிரசங்கித்தனமாக நினைப்பாரோ, எண்ணெய் போட்டு உருவியதையும் கேட்பாரோ, டேப்பை நான் சரியாகத்தான் பிடித்தேனா என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த கட்டிலின் பக்கம் அரை உடம்பு திரும்பிவிட்டார். உன் அம்மாதான், இரைக்கிற மூச்சோடு சொன்னாள்: “ஏனுங்க, அந்தச் சீட்டக் காட்டறதுன்னா காட்டிப்போடுங்க. பாக்கெட்டத் தடவிட்டே நிக்காதீங்க.”

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு சேலையை விலக்கிக் காலைப் பார்த்தார். “இது யாரு எழுதினது?”

“நாந்தானுங்க. மன்னிச்சுக்கங்க.”

“மன்னிக்கவா? இத வாசல்லேயே தந்திருக்கணும்லா, சார். அஞ்சு நாளா அளந்தியளே, ஒரு நாளாவது கூட்டிட்டு வரணும்னு தோணலையா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. பயத்தில் நின்றுகொண்டு, பயத்தையும் மறந்து வியந்துபோன நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். டாக்டர் சக்கரம் வைத்த ஒரு சிறிய ஸ்கேன் பெட்டியைக் கட்டிலருகே தள்ளிவந்தார். தொடை இடுக்கில் பசை தடவி, கையடக்கமான கருவியை வைத்தார். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள். “இந்தா பாருங்க. இது ரத்தம் கொண்டுவர்ற குழாய், துடிக்கும், லேசுல அமுங்காது. பக்கத்துல இருக்கது ரத்தத்தத் திருப்பி எடுத்துட்டுப் போறது. அமுக்கினா வாய மூடிக்கணும்” என்று வலது காலில் அழுத்திக் காட்டினார். இரண்டாவது வட்டம் கண் இமைபோல மூடித் திறந்தது. இடது காலுக்கு வந்தார். இடுக்கில் மூடியது. முழங்காலுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். மூடவில்லை. இன்னும் அழுத்தினார். வட்டம் கொஞ்சம் நசுங்கியது, மூடவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அவ்வளவுதான் சோதனை. அமுங்கினால் ஒன்றுமில்லை, அமுங்காவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. குழாய்களோடே காலம் கழித்தவன் நான். இத்தனை எளிமையான சோதனை முறையை எங்கள் தொழிற்சாலையில் பார்த்ததில்லை.

அவர் அடுத்த படம் வரும்வரை காத்திருக்கவில்லை. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஒரு ஊசி போடச் சொல்லிவிட்டு, அவளை சிடி ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். காலிலிருந்து ஒரு துண்டு கழன்று, இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார். எவ்வளவு அடைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

சிடி அறையில் இருந்த பெண்ணின் பெயர் பர்வீன். கோயமுத்தூர்ப் பெண், நம் பேச்சு. ஒரு நிமிடத்தை வீணாக்கவில்லை, ஆனால் அவசரப்படுகிறாள் என்றும் நமக்குத் தோன்றவில்லை. அம்மாவின் கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயில் ஒருமுறை உப்புநீர் செலுத்திப் பார்த்தாள். “ஏனுங்கம்மா, படத்துல ரத்தக்குழாய் வெள்ளையாத் தெரிய ஒரு மருந்து ஏத்துவோம், அது உள்ள போறப்ப உடம்பெல்லாம் குப்புனு சூடாகும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும். போயிருக்க மாட்டீங்க. வெக்கப்படாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான்.” பிறகு, மெஷின் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும், சொன்னதும் பிடிக்க வேண்டும், சில நொடிதான், ஆனால் அந்தச் சில நொடி அசையக் கூடாது, முதலில் ஒருமுறை பழகிப் பார்ப்போம் என்றாள். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னையும் நிற்கவிட்டாள்.

ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் சொன்னது: “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.”

உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது: “சரிங்க.”

இழுத்த மூச்செல்லாம் அந்த வார்த்தையோடு வெளியே போய்விட்டது. பர்வீன் மைக்கில், “அம்மா, அது மெஷினுங்க. பதில் சொல்லாதீங்க” என்றாள். மறுபடியும் குரல். மறுபடியும் “சரிங்க.” மூன்றாம் முறையும் அப்படியே. ஒருவர் ஒன்று செய்யச் சொல்லும்போது பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்கு அவமரியாதை. அந்தக் குரலுக்கு ஆள் இல்லை என்பது அவள் பழக்கத்துக்குத் தெரியவில்லை. பர்வீன் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்க சொன்னாக் கேப்பாங்களா?” என்று மைக்கை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் எதையும் கட்டளையாகச் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “பதில் சொல்லாதே” என்றேன்.

“சரிங்க” என்றாள்.

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும், நம்பு கண்ணு, சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். கதவைத் திறந்து உள்ளே போய், அம்மாவின் தோளைத் தொட்டு, “அம்மா, நீங்க ‘சரிங்க’ன்னு சொல்றத நான் தடுக்கல. வாயத் தொறக்காம, மனசுக்குள்ளயே பத்து வாட்டி சொல்லுங்க. படம் முடிஞ்சதும் நான் வந்து கேட்டுக்கறேன்” என்றாள். அடுத்த முறை உன் அம்மா சிலைபோலக் கிடந்தாள். மருந்து ஒருமுறை போய்விட்டால் அந்தக் கணம் போனது போனதுதான், மூச்சு அசைந்தால் படம் கலங்கிவிடும், இந்த நிலையில் இன்னொரு முறை மருந்து ஏற்றுவது நல்லதல்ல என்று பர்வீன் பிறகு சொன்னாள். அதற்காகத்தான் அத்தனை ஒத்திகை.

மருந்தை உள்ளே தள்ளியது ஒரு பம்ப். சிறியது. எவ்வளவு அளவு, என்ன வேகம் என்று எண்கள் ஒளிர்ந்தன. திரையில் இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போட்டுவைத்து, அதில் மருந்தின் வெண்மை வந்து சேரும் கணத்துக்காக இயந்திரம் காத்திருந்தது. வந்ததும் தானே ஓடியது. ஐந்தாறு நொடிதான். நாங்கள் ஒரு பம்பின் உள்ளே இருப்பதைக் காட்ட, அதை நடுவே வெட்டியதாகக் கற்பனை செய்து, வெட்டுப்பட்ட இடத்தில் சாய்கோடு போட்டு நாள் கணக்கில் வரைவோம். இங்கே உயிரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை, ஒரு கீறல்கூடப் படாமல், காகிதம் காகிதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். பர்வீன் சுட்டியை உருட்ட உருட்ட, உன் அம்மாவின் நுரையீரல் ஒரு வெள்ளை மரம்போலக் கிளை விரித்தது. வலது பக்கம் கீழ்க்கிளையில் வெண்மை போகப் போக, நடுவில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. அதற்கப்புறம் மரம் இல்லை.

பர்வீன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டியதில்லை. போனை எடுத்தாள். நான் அறையைவிட்டு வெளியே வருவதற்குள் படம் பார்க்கும் டாக்டர் வேறொரு மாடியிலிருந்து பார்த்து, அவசரப் பிரிவு டாக்டரோடு பேசிவிட்டார். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் சிறியது ஒன்று, இதயம் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது, உறைந்ததைக் கரைக்கும் மருந்து இப்போது தேவையில்லை, உறையாமல் தடுக்கும் மருந்து போதும் என்று முடிவானது. ஊசியும் பிறகு மாத்திரையுமாக மாதங்கள் போயின. இன்று அவள் மொட்டை மாடிக்கு என்னைவிட வேகமாக ஏறுகிறாள்.

இந்த மனிதர்களுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. ஒருவர் அழுத்திப் பார்க்கிறார், ஒருத்தி மூச்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள், இன்னொருவர் எங்கோ உட்கார்ந்து நிழலைப் படிக்கிறார். உன் அம்மா சொன்ன “பரவால்லீங்க” என்ற வார்த்தையோடு மூன்று பேரும் நின்றுவிடவில்லை. நிற்காமல் தேடியதால்தான் அவள் இருக்கிறாள்.

இனி நான் எழுதத் தயங்கியது.

மறுநாள் அந்தத் திருநெல்வேலி டாக்டர் வார்டுக்கு வந்து, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லைங்க என்று நான் சொல்லப் போகும்போது, உன் அம்மா தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். நீ பிறப்பதற்கு முன்பே இறந்துபோன பெரியம்மா. பிரசவம் நன்றாக முடிந்து, ஒன்பதாம் நாள் காலை எழுந்து குளிக்கப் போனவர், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். நெஞ்சடைப்பு என்றார்கள். உள்ளே பார்ப்பதற்கு அன்றைக்கு ஸ்கேன் எதுவும் இல்லை. டாக்டர், “அது இதுதானான்னு இனி யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்குக் கட்டுப் போட்டதால வந்திருக்கலாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லாமயும் இருக்கலாம். ஆனா மக இருக்கால்லா? அவ கர்ப்பமானா, பாக்கப்போற டாக்டர்ட்ட மொதல்ல இதத்தான் சொல்லணும். இன்னைக்கே சொல்லி வைங்க” என்றார்.

“சரிங்க” என்றேன்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அன்று மாலை நீ அழைத்தபோது அம்மா போனைப் பிடுங்காத குறையாக, “கால் வலின்னு சொல்லுங்க, போதும், இல்லாட்டி அவ ஓடி வந்துருவா” என்று கிசுகிசுத்தாள். அவள்மேல் பழியைப் போடவில்லை. அடுத்த மாதம் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த மாதம் சொல்லியிருக்கலாம். உன் ஈரோட்டு மாமியார் நல்ல மனுஷி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் “பொண்ணு ஊட்டுல ரத்தத்துல ஏதோ கோளாறு இருக்குதாமா” என்று யாராவது ஒருவர், ஒரு கல்யாண வீட்டில், ஒரு பந்தியில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். புதுக் குடித்தனம், கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். உனக்காகப் பயந்ததாக அப்போது நம்பினேன். இப்போது யோசித்தால், ஒரு சங்கடமான பேச்சைத் தள்ளிப்போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதன் விலையாக, ஒரு நர்ஸ் நேராகக் கேட்ட கேள்விக்கு நீ தெரியாமல் பொய் சொல்லும்படி ஆனது. அந்தப் பொய் என்னுடையது.

எல்லாப் பெண்களுக்கும் இது வருவதில்லை. உனக்கு வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பத்திலும், அதைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ரத்தம் உறைவதற்கு வாய்ப்பு கூடுதல் என்று அந்த டாக்டர் சொன்னார். முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால், மூச்சு இரைத்தால், நெஞ்சு குத்தினால், யாரும் அதை உருவிவிட வேண்டாம், யாரும் அளந்துகொண்டிருக்கவும் வேண்டாம். அந்த நிமிடமே போ. அங்கே கேட்டால் பரவாயில்லை என்று சொல்லாதே. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது படம் எடுக்கலாமா என்று தயங்கி வீட்டில் இருந்துவிடாதே. எந்தப் படம், எப்படி என்று முடிவு செய்ய அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவர்களைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் நீ வாயைத் திறந்து சொன்னால்தான் அவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொள்வார்கள்.

அம்மாவின் ஸ்கேன் அறிக்கையையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீயே அந்த நர்ஸை அழைத்துச் சொல்லியிருக்கக்கூடும். அப்படியானால் நல்லது. இல்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் அழைத்துவிடு, என்மேல் உள்ள கோபம் ஆறும்வரை காத்திருக்காதே. என் அம்மாவுக்கு மாவுக்கட்டுக்குப் பிறகு காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்தது, பெரியம்மா பிரசவமான ஒன்பதாம் நாள் திடீரென இறந்தார், நான் முன்பு சொன்ன பதில் தவறு என்று சொல். உன் அப்பா மறைத்துவிட்டார் என்றும் சொல்லிக்கொள்.

பிறகு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. நல்ல சேதி இல்லை என்றாலும் ஒன்றையும் குறைக்காமல் எழுது. நான் தாங்கிக்கொள்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை, கண்ணு. இருந்தாலும் எழுது.

உன் அப்பா